மணலில் இறக்கிய காற்று

வண்டி ஓட்ட வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்கள் சங்கத்துக்காரர் வந்து, "பழைய ஆளு நீங்க, பசங்களுக்கு ஒதவற மாதிரி எதனா எழுதிக் குடுங்க" என்று கேட்டுவிட்டுப் போனார். என்ன எழுதுவது? நான் ஓட்டிய வண்டிக்கு மூக்கில் கம்பியைச் செருகிச் சுற்றினால்தான் உயிர் வரும். இரண்டு ஆள் சுற்றியும் வராத நாளும் உண்டு. அதை ஓட்டிய கதையை வைத்து உங்களுக்கு நான் தொழில் சொல்லித் தர முடியாது. கியர் போடுவதும் வளைவில் திருப்புவதும் என்னைவிட உங்களுக்கு நன்றாகவே வரும். அதனால் நான் பயந்த கதை ஒன்றைச் சொல்கிறேன். பயப்படுவது எல்லாக் காலத்து டிரைவருக்கும் பொது.

"காத்து எறங்கிப்போச்சி" என்பது நம் பக்கத்தில் எல்லோர் வாயிலும் புரளும் சொல். மாதா கோயில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உதைக்கும் பந்துக்கும் அதுதான், கூத்து மேடையில் நடுப்பாட்டில் படுத்துவிடும் ஆர்மோனியப் பெட்டிக்கும் அதுதான். கொம்யூன் பஞ்சாயத்துத் தேர்தலில் மேளம் அடித்துத் திரிந்துவிட்டு மறுநாள் தோற்று வீட்டுக்குள் முடங்கிய ஆளையும் அப்படித்தான் சொல்வார்கள். பச்சைப் பயிரை மேய்ந்து வயிறு உப்பிப்போன மாட்டுக்கு மருந்து ஊற்றி, வயிறு வாடியதும் "அப்பாடா, காத்து எறங்கிச்சி" என்று மாட்டுக்காரன் கீழே உட்காருவான். என் அப்பா இறந்த அன்று, மூக்கருகே விரல் வைத்துப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரரும் அந்தச் சொல்லைத்தான் சொன்னார்.

ஆனால் பிரெஞ்சுக்காரன் காலத்தில் பாகூர், வில்லியனூர் பக்கம் வண்டி ஓட்டிய நாங்கள் யாரும் வண்டிக்குள் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டோம். டயரில் காற்று குறைந்தால் "சக்கரத்துக்குப் பசி" என்போம். பம்பை எடுத்து அடிப்பதற்கு "சோறு போடறது" என்று பெயர். வாய் தவறி யாராவது சொல்லிவிட்டால் கண்டக்டர் ஆறுமுகம் தரையில் மூன்று தரம் துப்புவான். நாற்பது வயது ஆள், சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தாவாக இருந்து துப்பாக்கி பிடித்துத் திரும்பியவன். துப்பாக்கிக்குப் பயப்படாதவன் டயருக்குப் பயந்தான். நானும்தான்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. அந்த நாளில் ஒரு டயர் போனால் இன்னொன்று கப்பலில் வரவேண்டும். அதுவரை வண்டி கொட்டகையில் நிற்கும், நாங்கள் முதலாளி வீட்டுத் தென்னைக்குத் தண்ணீர் ஊற்றுவோம். அதனால் சக்கரம் எப்போதும் கல்லாக இருக்க வேண்டும். முதலாளி தினமும் காலையில் கைத்தடியால் நான்கு சக்கரத்தையும் தட்டுவார். தவில் மாதிரிச் சத்தம் வந்தால் தலையை ஆட்டிவிட்டுப் போவார். வராவிட்டால் அன்றைக்கு முழுவதும் எங்கள் குலம் கோத்திரம் எல்லாம் தெருவுக்கு வரும். காற்றை ஏற்றுகிறவன் நல்ல டிரைவர், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த சாத்திரம்.

இதற்கு எதிராக ஒரு நாள் என் கண் முன்னாலேயே ஒன்று நடந்தது. அதை நான் கண்டுகொள்ளவில்லை. எங்கள் பாதையில் வில்லியனூருக்குத் தெற்கே செஞ்சி ஆற்றைக் கடக்க வேண்டும். பாலம் கிடையாது. மழை இல்லாத மாதங்களில் மணல் மேல் பனை ஓலையை வரிசையாகப் பரப்பி வைத்திருப்பார்கள், அதன் மேல் ஊர்ந்து போக வேண்டும். ஓலையை விட்டு ஒரு முழம் விலகினாலும் சக்கரம் புதைந்துவிடும். ஒரு கோடையில் ஓலை கலைந்து கிடந்த நாளில், எப்படியோ வண்டி வாத்து மாதிரி மணல் மேல் மிதந்து கரையேறிவிட்டது. என் சாமர்த்தியம் என்று மீசையை முறுக்கினேன். கரையில் இறங்கிப் பார்த்தால் பின் சக்கரம் இரண்டும் தொளதொளவென்று கிடந்தன. காற்றை அடைத்து வைக்கும் வால்டியூப் இரண்டும் கசிந்திருந்தன. ஆறுமுகம் துப்பினான், நான் சோறு போட்டேன், முதலாளிக்குத் தெரியாமல் மறைத்தோம். அந்தப் பசித்த சக்கரம்தான் எங்களைக் கரையேற்றியது என்று எங்கள் இரண்டு மண்டையிலும் தோன்றவில்லை.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

ஐப்பசி பிறந்து சில நாள் ஆகியிருந்தது. எங்கள் பக்கம் வெயில்தான். மேற்கே செஞ்சி மலைப் பக்கம் மட்டும் வானம் கறுத்துக் கிடந்தது. மேலே வீடூரில் அணை கட்டாத காலம் அது, அங்கே கொட்டினால் இங்கே நேராக வந்து சேரும். பாகூரிலிருந்து காலை வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஏரிக்கரை தாண்டியதும் ஒரு பெண் சாலையின் நடுவில் வந்து நின்றுவிட்டாள். கரும்புத் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் பவுனு என்பவள். தோளில் நாலு வயதுப் பெண் குழந்தை.

குழந்தையைப் பார்ப்பதற்கு முன்னால் அதன் மூச்சுச் சத்தம்தான் என் காதில் விழுந்தது. இழுக்கும்போது சீழ்க்கை மாதிரி ஒரு கீச்சொலி. கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வந்தது. கழுத்து இரண்டு பக்கமும் வீங்கியிருந்தது.

"தொண்ட அடைப்பான் மாதிரி கீதுப்பா, ஒட்டுற நோவு" என்று ஆறுமுகம் என் காதோரம் சொன்னான். "மத்தவங்கள நெனச்சிப் பாரு. ஏத்தாத."

பவுனு அதைக் கேட்டுவிட்டாள். அழவில்லை. "டைவரய்யா, வில்லினூர் டாக்டருகிட்ட உட்டுட்டாப் போதும். வண்டிக்குப் பின்னால ஓரமா குந்திக்கிறேன். யாரு மேலயும் படமாட்டேன்" என்றாள்.

எனக்கும் வீட்டில் ஒரு கைக்குழந்தை இருந்தது. ஏற்றாமல் போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், உங்களிடம் பொய் சொல்வானேன். ஆனால் அந்தக் கீச்சொலி ஒரு கணம் நின்று, மறுபடி வந்தது. அது நின்ற நேரத்தில் என் மூச்சும் நின்றிருந்தது. ஏறச் சொல்லிவிட்டேன். மற்றவர்கள் முன்பக்கம் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள், இரண்டு பேர் இறங்கிப் போய்விட்டார்கள்.

ஆற்றங்கரைக்கு வரும்வரை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் ஓட்டினேன். எஞ்சின் இரைச்சலை மீறி அது கேட்டது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். எனக்குக் கேட்டது.

கரையில் வண்டியை நிறுத்தினேன். ஆற்று மணலில் துணி வெளுக்கிறவர்கள் காயாத துணியையும் வாரிச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"மேல தண்ணி வந்துட்ச்சாம். ஆளு வந்து சொல்லிட்டுப் போறான். இன்னும் கொஞ்ச நேரத்துல இங்க வந்துரும்" என்றார்.

"எவ்ளோ நேரம்?"

"அத ஆத்தக் கேளு."

முந்தின வாரத்து மழையில் ஓலையெல்லாம் அடித்துக்கொண்டு போயிருந்தது. வெறும் மணல். அக்கரை ஓரமாக முழங்கால் அளவு தண்ணீர் ஒரு கோடாக ஓடிக்கொண்டிருந்தது. நின்றால் இன்றைக்குக் கடக்கவே முடியாது. போனால் நடுவில் மாட்டிக்கொள்ளலாம். பின்னால் குழந்தையின் தலை பவுனுவின் தோளில் துவண்டு கிடந்தது.

இங்கேதான் என் தப்பு வருகிறது, கவனமாகக் கேளுங்கள். பயந்தவன் கைக்கு ஏதாவது வேலை வேண்டும். அதற்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். "பம்ப எடு ஆறுமுகம், சோறு போட்டுட்டு எறங்கிடலாம்" என்றேன். ஏற்கெனவே கல்லாக இருந்த சக்கரங்களுக்கு மேலும் மேலும் அடித்தோம். இருந்த கொஞ்ச நேரத்தில் பாதி அதில் போயிற்று. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, தட்டிப் பார்த்து, தவில் சத்தம் கேட்டதும் ஏதோ தைரியம் வந்தது. அந்தத் தைரியத்தில் ஆற்றில் இறங்கினேன்.

முக்கால் ஆறு போயிருப்போம். வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. மிதித்தேன். பின் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றி மணலைத் தோண்டின. இன்னும் மிதித்தேன், இன்னும் தோண்டின. அச்சு மணலில் உட்கார்ந்துவிட்டது.

இறங்கித் தள்ளினார்கள். அசையவில்லை. அப்போது மேற்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தூரத்தில் பெரிய வண்டி ஒன்று சரளைக் கல்லில் ஓடுகிற மாதிரி, விடாமல். தள்ளிக்கொண்டிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையைப் பார்த்து ஓட ஆரம்பித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். என் காலும் ஓடத்தான் பார்த்தது.

"பவுனு, கொழந்தையத் தூக்கிக்கினு நீயும் ஓடு" என்று கத்தினேன்.

அவள் இறங்கி ஓடினாள். பத்து அடி போயிருப்பாள். குலுங்கியதில் குழந்தை இருமி, அந்தக் கீச்சொலி அறுந்துவிட்டது. உதடு நாவல் பழம் தின்ற மாதிரி ஆகிவிட்டது. அவள் அப்படியே மணலில் உட்கார்ந்து குழந்தையை நிமிர்த்திப் பிடித்தாள். நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தில் மறுபடி கீச்சொலி வந்தது. அவள் எழுந்து மெல்ல நடந்து திரும்பி வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

"இதத் தூக்கிக்கினு ஓட முடியாதுய்யா. ஓடுனா இங்கியே பூடும். நீ ஓட்டு" என்றாள்.

நீ ஓட்டு என்றால்? நின்று போன வண்டியில் உட்கார்ந்து என்னை நம்பிச் சொல்கிறாள். பிள்ளைகளே, என் வாழ்நாளில் அவ்வளவு பயம் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கை தானாகவே எதைத் தேடியது தெரியுமா? பம்பை. மறுபடி பம்பை எடுத்துவிட்டேன். இன்னும் கொஞ்சம் அடித்தால் சரியாகிவிடும் என்று கை நினைத்தது.

பம்பின் குழாயை வால்டியூபில் மாட்டும்போதுதான், அந்தக் கோடையில் கரையேறியபோது தொளதொளவென்று கிடந்த இரண்டு சக்கரமும் என் கண் முன் வந்தது. கல்லாக இருந்தால் மணலைக் குத்திப் புதைகிறது, தொளதொளத்தால் மேலே மிதக்கிறது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அது சரியா என்று சொல்ல யாருமில்லை. தப்பாக இருந்தால் திரும்ப அடித்து ஏற்ற நேரமும் இல்லை.

பம்பைக் கீழே போட்டுவிட்டு ஆணி ஒன்றை எடுத்தேன். ஆறுமுகம் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னா பண்ணப் போற?"

"காத்த எறக்கப் போறேன்."

வண்டிக்கு முன்னால் நின்று அந்தச் சொல்லைச் சொன்னேன். அவன் துப்பவில்லை. பிடியை இன்னும் இறுக்கினான்.

"புத்தி பேதலிச்சிப் போச்சா ஒனக்கு? தண்ணி வர நேரத்துல இருக்கறதயும் எறக்கறேன்றியே. ரிம்மு ஒக்காந்துட்டா இந்த ஜென்மத்துல வண்டி எழுந்திருக்காது. மொதலாளிக்கு இன்னா பதில் சொல்லுவ?"

"ஏத்திப் பாத்தாச்சி இல்ல? கேட்டுச்சா? கைய வுடு."

அவன் விட்டான். ஆணியை வால்டியூப் வாயில் வைத்து அழுத்தினேன். சுர்ரென்று காற்று கிளம்பியது. வண்டி ஓட்டிய காலமெல்லாம் எந்தச் சத்தத்துக்குப் பயந்து செத்தேனோ, அதை என் கையாலேயே எழுப்பிக்கொண்டு குந்தியிருந்தேன். ஒரு பக்கம் அந்தச் சத்தம், ஒரு பக்கம் குழந்தையின் கீச்சொலி, மேற்கே ஆற்றின் சத்தம். எவ்வளவு இறக்குவது என்று தெரியவில்லை. டயர் அடியில் பிதுங்கும்வரை விட்டேன். அதற்கு மேல் விட்டால் ரிம்முக்குள் டயர் நழுவி வால்டியூபை அறுத்துவிடும் என்பது மட்டும் தெரியும். நான்கு சக்கரம். ஆறுமுகம் மூன்றாவதற்கு அவனாகவே இன்னொரு ஆணியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். பிறகு இரண்டு பேரும் சக்கரத்துக்கு முன்னால் இருந்த மணலை நாய் பறிக்கிற மாதிரிக் கையால் பறித்தோம்.

ஏறி உட்கார்ந்து, மிதிக்கவில்லை. காலை வைத்தும் வைக்காமலும் வண்டியைக் கெஞ்சினேன். முனகியது. ஒரு சாண் நகர்ந்தது. பிறகு ஒரு முழம். பிறகு கர்ப்பிணி எழுந்து நடக்கிற மாதிரி மெல்ல எழுந்து மணல் மேல் போக ஆரம்பித்தது. ஆறுமுகம் ஓடி வந்து படியில் தொற்றிக்கொண்டான். முழங்கால் தண்ணீர் அதற்குள் தொடை அளவாகியிருந்தது, நுரையும் சுள்ளியுமாக. அதில் இறங்கிக் கரை ஏறித் திரும்பிப் பார்த்தேன். நாங்கள் தோண்டிய பள்ளம் இருந்த இடத்தில் மண் நிறத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

கரையில் எங்களுக்கு முன்னால் ஓடிவந்தவர்கள் நின்றிருந்தார்கள். "சோறு போட்டுக்கினு போலாம்" என்றான் ஆறுமுகம், பழக்கத்தில். நான்கு சக்கரத்துக்கும் அடிக்க அரை மணி ஆகும். அப்படியே ஓட்டினால் டயர் நாசம். நான் பவுனுவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, குழந்தையின் கழுத்துக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டியை எடுத்தேன்.

வில்லியனூர் தேர் முட்டிக்கு முன்னால் பின் சக்கரம் ஒன்றில் வால்டியூப் அறுந்தது. டயர் படார்படாரென்று தெருவை அறைந்துகொண்டே வந்தது. கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். அப்படியே இழுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினேன். டாக்டர் வெளியே வந்து, குழந்தையின் வாயைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. சத்தத்தைக் கேட்டார், தூக்கிக்கொண்டு உள்ளே போனார். தாயை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார்கள். எங்களை நிற்க விடவில்லை. ஒட்டுகிற நோய் என்று சொல்லி, கொம்யூன் ஆள் வந்து வண்டி முழுக்க மருந்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவினான்.

மறுநாள் விசாரித்தேன். குழந்தையை டாக்டர் காரிலேயே புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டதாகச் சொன்னார்கள். உயிரோடா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. ஆற்றில் வெள்ளம் ஒரு வாரம் ஓடியது. வில்லியனூரிலேயே தங்கிப் பழைய டயருக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டு கிடந்தேன். புதுச்சேரி ஒரு மணி நேரம்தான், போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம். போகவில்லை. கரையில் பம்பு அடித்துத் தொலைத்த அந்த நேரம் என் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. அந்த நேரத்தால் குழந்தை போயிருந்தால்? வெள்ளம் கொஞ்சம் தணிந்ததும் முதலாளி படகேறி அங்கேயே வந்து திட்டியது ஒன்றும் என் காதில் ஏறவில்லை. ஆறு வற்றியதும் வண்டியைப் பாகூருக்குக் கொண்டு வா, அப்புறம் பேசிக்கொள்வோம் என்றார்.

தண்ணீர் வடிந்ததும் பாகூருக்கு முதல் வண்டியை எடுத்தேன். ஆள் ஏறிக்கொண்டிருக்கும்போது ஆறுமுகம் என் தோளைத் தொட்டான். பவுனு வந்து பின்னால் அதே ஓரத்தில் உட்கார்ந்தாள். கையில் ஒரு துணி மூட்டை. குழந்தை இல்லை.

ஆறுமுகம் கேட்பான் என்று நான் இருந்தேன், நான் கேட்பேன் என்று அவன் இருந்தான். தேர் முட்டி, கடைத்தெரு, தோப்பு எல்லாம் தாண்டி ஆற்றங்கரைவரை திரும்பிப் பார்க்காமல் ஓட்டினேன். பிள்ளைகளே, வெள்ளத்துக்கு நடுவில் பயந்ததைவிட அந்தக் கொஞ்ச தூரத்தில் அதிகம் பயந்தேன். பயந்தவன் கைக்குப் பழகிய வேலையையே திரும்பத் திரும்பச் செய்வான். நான் பம்பை அடித்த மாதிரி அன்றைக்கு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. உங்களுக்கும் அப்படி ஒரு நேரம் வரும். கை எதைத் தேடுகிறதோ அதை ஒரு நிமிஷம் கீழே வைத்துப் பாருங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

கரையில் நிறுத்தி, ஆணியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பின் சக்கரத்தில் வைத்து அழுத்தினேன். சுர்ரென்று காற்று கிளம்பியதும் வண்டிக்குள் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பவுனு இறங்கி என் பக்கத்தில் வந்து குந்தினாள். சக்கரத்தைப் பார்த்துத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"இதே சத்தந்தாங்க" என்றாள். "கழுத்துல ஓட்ட போட்டுக் கொழா வெச்சிகீறாங்க. அதுலதான் மூச்சு வுடுது. ராவு பூரா இந்தச் சத்தத்தக் கேட்டுக்கினேதான் படுத்திருந்தேன். அது நின்னாத்தான் எனக்குப் பயம். நாளைக்குக் கொழாவ எடுத்துருவாங்களாம். அவுங்கப்பன் படகேறி வந்துட்டாரு, அவர அங்க ஒக்கார வெச்சிட்டு வந்தேன், மாத்துத்துணி எடுத்துக்கினு சாயங்காலம் உங்க வண்டியிலயே திரும்பணும்."

ஆணியிலிருந்து நான் கையை எடுத்துவிட்டேன் போலிருக்கிறது. சத்தம் நின்றுபோனது. அவள் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள்.

"நிறுத்தாதீங்கய்யா" என்றாள். "இன்னும் கொஞ்சம் எறங்கட்டும்."